சுரங்கத்திலிருந்து வந்த மூச்சு

நேயர்களுக்கு வணக்கம்.

டிரம்பெட் என்றதும் நம்மில் பலருக்கு அணிவகுப்பும் ஊர்வலத்து பேண்டு வாத்தியமும்தான் நினைவுக்கு வரும். மேற்கத்திய இசைக்குழுவிலும் நெடுங்காலம் அதற்குப் பின்வரிசைதான் கிடைத்தது. முன்னால் வயலின்கள் பாடிக்கொண்டிருக்கும். பின்னால் டிரம்பெட்காரர் தம் முறை வரும்வரை தாளத்தை எண்ணியபடி உட்கார்ந்திருப்பார். அந்தக் கருவியை மேடையின் முன்புறம் கொண்டுவந்து நிறுத்திய ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அவர் பிரான்ஸ் நாட்டின் மொரீஸ் ஆந்த்ரே. பாரிஸ் தேசிய இசைக் கல்லூரியில் பதினோரு ஆண்டுகள் பேராசிரியராகவும் இருந்தவர்.

அவர் 1933ஆம் ஆண்டு தெற்குப் பிரான்சில் அலேஸ் என்ற ஊரில் பிறந்தார். நிலக்கரி வெட்டும் வட்டாரம் அது. தந்தை சுரங்கத் தொழிலாளி. ஓய்வு நேரத்தில் டிரம்பெட் வாசிப்பவர். மகனும் பதினான்கு வயதில் சுரங்கத்துக்குள் இறங்கினான். நாலு வருடம் கரித்தூளைச் சுவாசித்த நெஞ்சு அது. தந்தையின் நண்பர் ஒருவர் பையனின் திறமையைக் கண்டு பாடம் சொல்லிக்கொடுத்தார். பாரிசுக்குப் போய்ப் படிக்கவேண்டும் என்றும் வற்புறுத்தினார். படிப்புக்குப் பணம் ஏது? ராணுவ பேண்டில் சேர்ந்தால் கல்லூரியில் கட்டணமில்லாமல் இடம் கிடைக்கும் என்று தெரிந்து, ராணுவத்தில் சேர்ந்தார்.

கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ரேமோன் சபரிஷ். டிரம்பெட் வாசிப்பவர்கள் இன்றும் சொல்லிக்கொள்ளும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒருநாள் ஆந்த்ரே சுமாராக வாசித்திருக்கிறார். சபரிஷுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒழுங்காக வாசிக்க வரும்வரை இந்தப் பக்கம் வராதே" என்கிற மாதிரி சொல்லி அனுப்பிவிட்டார். சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்த மாணவர், ஆர்பன் என்பவர் எழுதிய, டிரம்பெட் மாணவர்கள் எல்லாரும் பயிலும் பாடநூலின் கடைசியில் இருக்கும் பதினான்கு பயிற்சிகளையும் ஒரு பிசகும் இல்லாமல் வாசித்து முடித்தாராம்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். அந்தப் பயிற்சிகளில் ஒன்றை வாசிக்க முயன்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஒவ்வொன்றும் பக்கம் நிறைய ஓடும். மூச்சு வாங்க இடம் அரிது. டிரம்பெட்டில் ஒலியைப் பிறப்பிப்பது உதடுதான். ஊதுவாய் அழுத்தி அழுத்தி உதட்டில் வட்டமாகத் தடம் விழும். ரத்த ஓட்டம் குறையும். பிறகு உதடு மரத்துப்போகும். மரத்த உதடு அதிராது, வெறுங்காற்றுதான் வரும். ஒரு பயிற்சியின் பாதியிலேயே எனக்கு அது நேர்ந்திருக்கிறது. பதினான்கையும் பிசகில்லாமல் வாசிக்க எத்தனை நாள், எத்தனை மணி நேரம் அந்த இளைஞர் உழைத்திருப்பார் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

அதன் பிறகு ஏறுமுகம்தான். 1955இல் ஜெனீவா சர்வதேசப் போட்டியில் முதல் பரிசு. 1963இல் மியூனிக்கில் முதல் பரிசு. மியூனிக்கில் அவரை நடுவராக அழைத்ததாகவும், தாம் போட்டியிடவே விரும்புவதாக அவர் சொல்லிவிட்டதாகவும் சொல்வார்கள்.

ஆனால் அவர் பெயரைக் கேட்டதும் வாசிப்பவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சிறிய டிரம்பெட், அதாவது பிக்கோலோ டிரம்பெட். பாக், டெலமான் என்ற பழைய இசையமைப்பாளர்களின் காலத்து டிரம்பெட்டில், சுரத்தை மாற்ற விரலால் அழுத்தும் வால்வுகள் கிடையாது. குழாயின் நீளம் இரண்டு மீட்டருக்கும் மேல். உச்சத்தில் மட்டும்தான் சுரங்கள் நெருங்கி நிற்கும். ஆகவே மெட்டு வாசிக்க உச்சத்துக்கே போயாகவேண்டும். அந்த வித்தை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வழக்கொழிந்தது. பிக்கோலோவின் குழாய் சாதாரண டிரம்பெட்டில் பாதி. அதே உச்ச சுரங்கள் இதில் ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன. உதடு இம்மியளவு நகர்ந்தால் பக்கத்துச் சுரத்தில் விழுந்துவிடும் அபாயம் குறைகிறது. கருவி சிறிது என்பதால் உச்சம் தானாக வந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. குறி தப்பாமல் இருக்கத்தான் கருவி துணைசெய்யும். அந்த உயரத்துக்கு ஏற்றுவது வாசிப்பவரின் மூச்சும் உதடும்தான். ஆந்த்ரே அந்த உயரத்தில் சிரமமே தெரியாமல் பாடினார். ஓபோ என்ற ஊதுகுழலுக்கும் வயலினுக்கும் எழுதிய இசையைக்கூடத் தம் கருவிக்கு மாற்றி வாசித்தார். ஏறத்தாழ 300 இசைத்தட்டுகள் வெளிவந்தன.

1967இல், தாம் பயின்ற அதே கல்லூரியில், தம் ஆசிரியர் சபரிஷ் வகித்த இடத்துக்கே பேராசிரியராக வந்தார். 1978வரை கற்பித்தார். பிக்கோலோவை அங்கே பாடமாகக் கொண்டுவந்தவர் அவர்தான். என் கணக்கில் அவர் பரிசுகளைவிட இது பெரிது. மேடையில் தமக்குப் பேர் வாங்கித் தந்த வித்தையை அவர் பொத்திவைத்துக்கொள்ளவில்லை, வகுப்பறையில் எடுத்துவைத்தார். கீ துவ்ரோன், பெர்னார் சுஸ்த்ரோ போன்றவர்கள் அந்த வகுப்பிலிருந்து வந்து தாமே பெயர்பெற்ற தனி வாத்தியக்காரர்கள் ஆனார்கள். வீட்டிலும் அப்படித்தான். தம்பி லியோனெல் டிரம்பெட், மகன் நிக்கொலா டிரம்பெட், மகள் பெயாத்ரிஸ் ஓபோ. குடும்பத்தோடு மேடை ஏறியிருக்கிறார்.

2012 பிப்ரவரியில், 78 வயதில், பயோன் நகரில் அவர் காலமானார்.

என் பேச்சை இத்தோடு நிறுத்திக்கொண்டு அவரையே பேச விடுகிறேன். அடுத்து நீங்கள் கேட்கப்போவது இசையமைப்பாளர் ஹைடன் 1796இல் எழுதிய டிரம்பெட் கான்செர்ட்டோவின், அதாவது இசைக்குழுவோடு டிரம்பெட் தனித்து வாசிக்கும் படைப்பின், இரண்டாம் பகுதி. இதில் உச்சத்து வேகம் எதுவும் இல்லை. தாலாட்டுப் போல மெதுவான ஒரு மெட்டு. முதலில் வயலின்கள் அதைப் பாடும். பிறகு ஆந்த்ரே நுழைவார். அந்த முதல் சுரத்தை மட்டும் கூர்ந்து கேளுங்கள். அது எங்கே தொடங்குகிறது என்று உங்களால் பிடிக்க முடிகிறதா, பாருங்கள். நன்றி, வணக்கம்.