கோழி டெட்ராசினி: ஓவனுக்குள்ளும் பாஸ்தா சாறு குடிக்கும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

கோழிக்கறி சேர்த்து வீட்டு ஓவனில் சுட்டெடுக்கும் பாஸ்தாவைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். செய்து பார்த்த பலரும் என்னிடம் சொல்லும் குறை ஒன்றுதான்: உள்ளே வைக்கும்போது தளதளவென்று இருந்தது, வெளியே எடுத்தால் கரண்டி இறங்காத கட்டியாகிவிட்டது என்கிறார்கள். சீஸ் போதவில்லை என்று நினைத்து அடுத்த முறை இன்னும் கொஞ்சம் சீஸைத் துருவிப் போடுகிறார்கள். அது மேலும் இறுகுகிறது. உண்மையில் குறை சீஸில் இல்லை. பாஸ்தா ஓவனுக்குள்ளும் சாற்றைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பின்னால் திருப்பிப் பார்க்க வழியில்லை என்பதால், இந்த ஒரு செய்தியை இடையிடையே மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக, எனக்கு மிகவும் பிடித்த கோழி டெட்ராசினியை எடுத்துக்கொள்கிறேன். ஸ்பகெட்டி, கோழிக்கறி, காளான், கோழிச் சாறும் பாலும் கலந்த சாஸ், மேலே பார்மேசான் சீஸ், சில வீடுகளில் சீவிய பாதாம், இவ்வளவுதான் அது. பெயர் இத்தாலியப் பெயர், பிறந்த இடமோ அமெரிக்கா. 1871இல் ஃபிளாரன்ஸ் நகரில் பிறந்த லூயிசா டெட்ராசினி என்ற ஓபரா பாடகியின் பெயரையே இதற்குச் சூட்டினார்கள். சான் பிரான்சிஸ்கோவின் பேலஸ் ஹோட்டலில் எர்னஸ்ட் ஆர்பொகாஸ்ட் என்ற சமையல் தலைவர் செய்தது என்று ஒரு சாராரும், நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் ஹோட்டலில் பிறந்தது என்று மற்றொரு சாராரும் சொல்வார்கள்.

அந்த அம்மையாரைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் என்னால் இந்தச் சமையலுக்குள் போக முடியாது. ஒப்பந்தத் தகராறு ஒன்றினால் அவர் அமெரிக்க அரங்குகளில் பாட முடியாதபடி தடை வந்தபோது, அரங்கு கிடைக்காவிட்டால் சான் பிரான்சிஸ்கோவின் தெருவில் நின்று பாடுவேன் என்று அறிவித்தார். சொன்னபடியே 1910ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையில், மார்க்கெட் தெருவில் லோட்டா நீரூற்றுக்குப் பக்கத்தில் மேடை போட்டு, ஒலிபெருக்கி என்பதே இல்லாமல் பாடினார். கூடியிருந்தவர்கள் 2 லட்சத்துக்கும் மேல் என்று கணக்குச் சொல்வார்கள். நான்கே ஆண்டுகளுக்கு முன், 1906இல், நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்து மீண்டெழுந்த ஊர் அது. பேலஸ் ஹோட்டலும் அதே தீயில் எரிந்து, 1909இல் மறுபடியும் கட்டித் திறக்கப்பட்டது. அந்த நீரூற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. இலவசமாகப் பாடிய ஒரு குரலை ஓர் ஊர் இவ்வளவு காலம் நெஞ்சில் வைத்திருக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

சரி, அடுக்களைக்கு வருவோம். நான்கு பேருக்கு 250 கிராம் ஸ்பகெட்டி போதும். எலும்புடன் அரைக் கிலோ கோழித் தொடைக்கறியை ஒரு லிட்டர் தண்ணீரில், ஒரு வெங்காயம், பத்துப் பன்னிரண்டு மிளகு, ஒரு பிரிஞ்சி இலை, உப்பு சேர்த்து, தளபுளவென்று கொதிக்க விடாமல் சிறு தீயில் அரை மணி நேரம் வேக விடுங்கள். நெஞ்சுக்கறியை விடத் தொடைக்கறியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது: இந்தக் கறி இரண்டு முறை சூடு காண்கிறது, நெஞ்சுக்கறி இரண்டாம் சூட்டில் வறண்டு நார்நாராகிவிடும். வெந்த கறியை எலும்பிலிருந்து பிரித்து, விரல் பருமனுக்குப் பிய்த்து வையுங்கள். சாற்றை வடிகட்டி, அரை லிட்டராகச் சுண்டக் காய்ச்சுங்கள். இந்த உணவின் சுவை முழுவதும் அந்தச் சாற்றில்தான் இருக்கிறது. அதைக் கீழே கொட்டிவிட்டு வெறும் பாலில் சாஸ் செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

காளானைக் கழுவித் துடைத்து நறுக்கி, அகன்ற வாணலியில் நெரிக்காமல் பரப்பி, அது விடும் தண்ணீர் முழுவதும் வற்றி ஓரம் சிவக்கும்வரை வதக்கி எடுத்து வையுங்கள்.

இப்போது சாஸ். 50 கிராம் வெண்ணெயை உருக்கி, 40 கிராம் மைதாவைப் போட்டு, நிறம் மாறாமல், பச்சை வாசனை மட்டும் போகும்வரை சிறு தீயில் இரண்டு நிமிடம் கிளறுங்கள். கோழிச் சாற்றை முதலில் ஒரு கரண்டி விட்டுக் கட்டி தட்டாமல் கரைத்து, பிறகு இன்னொரு கரண்டி, அதன்பின் மீதி, கடைசியாக 300 மில்லி பால் என்று ஊற்றுங்கள். ஒரு கொதி வந்தே ஆகவேண்டும். கொதி வரும் முன் எவ்வளவு கெட்டிப்படும் என்று கணிக்க முடியாது. கரண்டியின் முதுகில் சாஸைத் தோய்த்து விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு நிற்காமல் மெல்லக் கூட வேண்டும். இவ்வளவு தளர்த்தியாக இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் மாவைக் கூட்டாதீர்கள். வெண்பொங்கலைக் குழைவாக இறக்கி வைத்தாலும் சற்று நேரத்தில் இறுகிப் போவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதே மாவுச்சத்தின் வேலைதான் இங்கேயும் நடக்கிறது. பாஸ்தா ஓவனுக்குள்ளும் சாற்றைக் குடிக்கும்.

அதனால்தான் ஸ்பகெட்டியையும் முழுதாக வேகவிடக் கூடாது. பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்திற்கு மூன்று நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள். ஓர் இழையைக் கடித்துப் பார்த்தால் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். அந்தப் புள்ளி ஓவனுக்குள் சாஸைக் குடித்துத்தான் மறைய வேண்டும், தண்ணீரில் மறைந்துவிடக் கூடாது. வடித்ததும் குளிர்ந்த நீரில் அலச வேண்டாம்.

எல்லாவற்றையும் சாஸில் புரட்டி, சிட்டிகை ஜாதிக்காய்த் தூளும், அமெரிக்காவில் சேர்க்கும் ஷெர்ரி மதுவுக்குப் பதிலாகச் சில துளி எலுமிச்சைச் சாறும் சேர்த்து, ஆழம் குறைந்த பாத்திரத்தில் பரப்புங்கள். மேலே துருவிய பார்மேசானும் வெண்ணெயில் பிசிறிய ரொட்டித்தூளும் தூவி, முன்கூட்டியே 200 டிகிரிக்குச் சூடாக்கிய ஓவனில் இருபது நிமிடம் வையுங்கள். ஓரங்களில் சாஸ் குமிழியிட்டு மேலே பொன்னிறம் ஏறியதும் எடுத்துவிடலாம்.

நிலையத்தார் நேரம் முடிவதாகச் சைகை காட்டுகிறார்கள். மைக்ரோவேவ் மட்டுமே உள்ளவர்களுக்கு விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். கன்வெக்‌ஷன் அல்லது கிரில் வசதி இல்லாத மைக்ரோவேவில் மேல்புறம் சிவக்காது, ஆகவே ரொட்டித்தூளைத் தனியே வாணலியில் முறுக வறுத்துப் பரிமாறும்போது தூவிக்கொள்ளுங்கள். மீதமானதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் சூடாக்கும்போது மேலே கால் தம்ளர் பால் ஊற்றி மூடி வையுங்கள், ஏனென்றால் இரவு முழுவதும் அது குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். வணக்கம்.