கண்ணாடிக்குள்ள கண்ணாடி இல்லாத லேசர்

(அறிவியல் தினத்துக்கு எங்க ஊர் கடற்கரை மேடையில பேசுனது, பேசுன மாதிரியே டைப் பண்ணிருக்கேன்.)

தலைமை தாங்குற ஊர்த்தலைவர் அவர்களே, ஜமாத்துப் பெரியவுகளே, காய்ச்சலோட வந்து உக்காந்திருக்குற பங்குச்சாமி அவர்களே, ராம்நாட்டுலேர்ந்து வந்திருக்குற தலைமையாசிரியர் அம்மா, துண்டு போட்டு மரியாதை செஞ்ச சங்கத்து அண்ணன்மார்களே, பேர் விட்டுப்போனவுக மன்னிக்கணும், எல்லாருக்கும் வணக்கம்.

மூணு விஷயம் பேசப்போறேன். லேசர், அதுக்கான ஃபைபர், அதாவது மெல்லிசான கண்ணாடி இழை, மூணாவது அதால கடலுக்கு என்ன பிரயோஜனம்.

சாதாரண லேசர்ல ரெண்டு பக்கமும் முகம் பாக்குற கண்ணாடி மாதிரி ஒண்ணு இருக்கும், நடுவுல வெளிச்சம் போய்ப்போய்த் திரும்பி வலுவாகும். ராண்டம் ஃபைபர் லேசர்ல, அதாவது தாறுமாறா சிதறுற வெளிச்சத்தை வச்சே ஓடுற லேசர்ல, அது கிடையாது. கண்ணாடி இழை உருகி ஆறும்போது உள்ள அடர்த்தி அங்கங்க லேசா ஏறி இறங்கி உறைஞ்சுபோகும், அதுல வெளிச்சம் சிதறும். டெலிபோன்காரவுகளுக்கு அது தொல்லை. ஆனா சிறு துரும்பும் பல்லுக்குத்த உதவும்னு எங்க அப்பத்தா சொல்லும்!

சின்னப்புள்ளையில சித்தப்பாகூட நண்டு புடிக்கப் போவேன். ஒருநாள் அஞ்சு பேட்டரி டார்ச் நனைஞ்சுபோச்சு, எரியுதான்னு பாக்க வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, அரிசி களைஞ்ச கழனித்தண்ணி குண்டான்குள்ள முக்குனாரு, ஏன் முக்குனாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. நல்ல தண்ணியில நேராப் போற வெளிச்சம், கழனியில சிதறி குண்டான் முழுக்க நெலா மாதிரி ஒளிருது. சித்தி கொல்லைக்கு வந்தவுக "அய்யோ பேயி"ன்னு குண்டானைத் தூக்கி எறிஞ்சாக, டார்ச் போச்சு, மாட்டுக்குக் கழனி போச்சு, சித்தப்பா ராத்திரி பூரா திண்ணையில. (சித்தி முன்வரிசையில இருக்காக, சிரிக்காதீக.)

ஃபைபர்லயும் அந்த மாதிரிச் சிதறல்தான். சிதறுறதுல கொஞ்சம் வெளிச்சம் வந்த வழியே திரும்பி வரும், அதுதான் ரெண்டு பக்கக் கண்ணாடி செய்யுற வேலையைச் செய்யுது. 2010ல 83 கிலோமீட்டர் ஃபைபர்ல முகம் பாக்குற கண்ணாடியே இல்லாம லேசர் செஞ்சு காட்டுனாக, ராமேஸ்வரத்துலேர்ந்து ராம்நாடு போய்ப் பாதி திரும்புற தூரம். வெளிச்சத்தைப் பெருக்குனது நம்ம திருச்சிக்காரரு ராமன் 1928ல கண்டுபுடிச்ச விளைவு.

அவ்ளோ நீளம் வேணாம்னா எர்பியம், இட்டர்பியம்ங்கிற அரிய உலோகம் கலந்த ஃபைபர். எர்பியம் 980 நானோமீட்டர் அலைநீள வெளிச்சத்தை முழுங்கி, 1550க்குப் பக்கத்துல கக்கும், சில மீட்டர்லயே பெருக்கிடும். கலக்குறது எப்படின்னா, சிலிக்காங்கிற கண்ணாடிக் குழாய்க்குள்ள பொறபொறன்னு ஒரு படலம் படியவச்சு, எர்பியம் உப்புக் கரைசல்ல ஊறவச்சு, காயவச்சு, சுட்டு, குழாயை உருக்கிக் கம்பியா ஒடுக்கி, அப்புறம் இழையா இழுக்குறாக. ஊறப்போட்டுக் காயவைக்க நம்ம கருவாட்டுக்காரவுகளுக்கா சொல்லணும்? கலக்குற அளவு ரொம்பக் கொஞ்சம், பத்து லட்சத்துல சில நூறு பங்கு போதும். சிறு துரும்புன்னு சொன்னேன்ல. கொல்கத்தாவுல மத்திய கண்ணாடி பீங்கான் ஆராய்ச்சி நிறுவனத்துல இந்த ஃபைபர் செய்யுறாக.

நம்ம புள்ளைக எங்க போய் இதைப் பாக்கும்? ஊர்க்கோடியில புயல் காப்பகம் இருக்கு, புயல் வர்ற ரெண்டு நாளு தவிர வருசம் பூரா பூட்டு. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் தொறந்து, நாலு லென்சு, ஒரு லேசர் பாயிண்டர், ஒரு குண்டான் கழனி வச்சா அதுதான் லேப். சாவி கேட்டா ஒருத்தர் இன்னொருத்தரைக் கைகாட்டுறாக, மூணு வருசமா அலையுறேன், செருப்பு ரெண்டு ஜோடி தேஞ்சிருச்சு. சும்மா கெடக்குற கட்டடம்தானே, சிறு துரும்பும்...

சரி, தலைவர் வாட்சைப் பாக்குறாரு. மூணாவது விஷயம் அடுத்த வருசம். மனு நோட்டு டீ மேசையில இருக்கு, கையெழுத்துப் போட்டுட்டு வடை எடுங்க, பேனாவை மட்டும் யாரும் கொண்டுபோயிராதீக.