கற்ற கைக்கு ஓய்வா, ஓட்டமா?

நடுவர் அவர்களே, வணக்கம். புதிதாகக் கற்ற வித்தை கையில் தங்க வேண்டுமானால், கற்று முடித்ததும் ஓய்வெடுங்கள் என்று எதிரணித் தோழி அழகாகப் பேசினார். வீணை வகுப்பு முடிந்ததும் ஓடினால் விரல் நடுங்கும், படித்ததும் கலைந்துபோகும் என்றார். விரல் நடுங்கும், ஒப்புக்கொள்கிறேன். படித்தது கலையும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

இதை டென்மார்க்கில், கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தார் சோதித்து 2012-இல் வெளியிட்டார்கள். 48 இளைஞர்கள். திரையில் வளைந்து வளைந்து போகும் கோட்டைக் கையசைவால் பிசகாமல் தொடர வேண்டும், அதுதான் பாடம். ஓர் அணி பாடத்துக்கு முன்பே சைக்கிள் மிதித்தது. இன்னோர் அணி முடிந்த கையோடு மிதித்தது. மூன்றாவது அணி சும்மா இருந்தது. மிதித்தது கால் மணி நேரம் போலத்தான், ஆனால் மூச்சிரைக்க மிதித்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மூன்று அணிக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதோடு விட்டிருந்தால் மிதித்ததால் பலனில்லை என்றே ஆகியிருக்கும். மறுநாள் பார்த்தார்கள்: மிதித்த இரண்டு அணிகளும் முன்னே நின்றன. ஏழாம் நாளோ, பாடம் முடிந்து மிதித்தவர்கள் எல்லாரையும் மிஞ்சினார்கள்!

காரணம் இருக்கிறது, ஐயா. கற்ற அசைவு மூளையில் ஊன்ற அடுத்த சில மணி நேரம் பிடிக்கிறது. அந்த வேளையில் உடம்பு சூடேறினால், உடம்பை உசுப்பும் நார்அட்ரினலின் என்னும் சுரப்பு, தசை கடுமையாக உழைக்கும்போது உண்டாகும் லாக்டேட், பி.டி.என்.எஃப் என்னும் நரம்பு வளர்ச்சிப் புரதம் எல்லாம் இரத்தத்தில் கூடுகின்றன. இவை நன்றாகக் கூடியவர்களிடம் திறனும் நன்றாகத் தங்கியிருந்ததை அந்த ஆய்வாளர்களே பின்னர் காட்டினார்கள். உடற்பயிற்சியைத் தள்ளிப்போட்டால் பலன் குறைகிறது என்றும் கண்டார்கள்.

பெரியவர்களுக்கு மட்டுமா? அதே நாட்டில் பள்ளிச் சிறுவர்களிடமும் பார்த்தார்கள். பாடம் முடிந்ததும் ஓடியவர்களும் ஹாக்கி ஆடியவர்களும், உட்கார்ந்திருந்த பிள்ளைகளைவிட ஒரு வாரம் கழித்து நன்றாகச் செய்தார்கள்.

நம் பள்ளிகளில் என்ன நடக்கிறது? பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்கிறார். பந்தை எடுத்த பிள்ளை அதை வைத்துவிட்டு வகுப்புக்குத் திரும்புகிறது. எனக்கு வயிறு எரிகிறது, ஐயா! தையலோ ஓவியமோ முடிந்த அடுத்த பீரியடே விளையாட்டாக வரட்டும். கால அட்டவணையில் இரண்டு கட்டங்களை இடம் மாற்றினால் போதும், ஒரு பைசா செலவில்லை. அதற்கு வழிவிடும் தீர்ப்பைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.