குழந்தையைப் பார்க்க வருகிறவர்களுக்கு

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ஒரு வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது என்ற செய்தி வந்துவிட்டால், அந்த வீட்டார் மட்டுமல்லாமல் உறவும் நட்பும் சேர்ந்தே தயாராகத் தொடங்கிவிடுகிறார்கள். தொட்டில் புதிதாக வாங்குவதா, யாரிடமாவது இருப்பதைக் கேட்டு வாங்கிக்கொள்வதா, என்ன பெயர் வைப்பது, யாருடைய சாயலில் பிறக்கும் என்று பேச்சு நாளுக்கு நாள் வளர்கிறது. பிரசவ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அந்தப் பேச்சைக் கேட்க இன்றைக்கும் அலுப்பதில்லை. ஆனால், அவ்வளவு ஆசையோடு வாங்கிச் சேர்க்கும் பொருள்களில் பெரும்பாலானவை முதல் மாதத்தில் குழந்தைக்குத் தேவைப்படுவதே இல்லை. அப்போது தேவைப்படுகிறவர்கள் மனிதர்கள். குறிப்பாக, குழந்தையைப் பார்க்க வருகிற மனிதர்கள். அவர்கள் எப்படித் தயாராக வேண்டும் என்பதுதான் இன்றைய என் பேச்சு.

முதலில் வீட்டாருக்குச் சில செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் குறித்துக் கொடுக்கும் தேதி, கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள்களைக் கூட்டிக் கணக்கிடுவது. அந்தத் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய 20இல் ஒன்றுதான். 37 வாரம் முடிந்தபின் எந்த நாளிலும் வலி எடுக்கலாம்; தேதி கடந்தும் சில நாள்கள் ஆகலாம். ஆகையால் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் பையை 36ஆவது வாரத்திலேயே கட்டி, கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். ஸ்கேன் அறிக்கைகளும் இரத்த வகை எழுதிய சீட்டும் பையின் மேற்புறத்தில் இருக்கட்டும். நள்ளிரவில் வண்டிக்கு யாரை அழைப்பது, அவர் வர முடியாவிட்டால் அடுத்து யாரை அழைப்பது என்பதை இப்போதே பேசி முடிவுசெய்து, எண்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கைப்பேசியில் இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். அந்த நேரத்தில் அந்தக் கைப்பேசி யாரிடம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

குழந்தைக்கான துணிகளை, புதியவையாக இருந்தாலும், ஒருமுறை துவைத்து வெயிலில் காய வைத்து எடுத்து வையுங்கள். மெத்து மெத்தென்ற தலையணை, பஞ்சு பொம்மை, கனமான போர்வை ஆகியவற்றைப் பரிசாகக் கொடுப்பவர்களின் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவை குழந்தை தூங்கும் இடத்தில் இருக்கக் கூடாது. தூங்கும்போது குழந்தையை மல்லாத்திப் படுக்க வைக்க வேண்டும். படுக்கை குழிவிழாமல் உறுதியாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1994இல் இதைப் பெற்றோரிடம் கொண்டுசேர்க்கும் இயக்கம் தொடங்கியபின், காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்துபோகும் குழந்தைகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கடையில் எதையும் வாங்காமல், படுக்க வைக்கும் விதத்தை மட்டும் மாற்றியதால் கிடைத்த பலன் அது.

இனி, பார்க்க வருகிறவர்களைப் பற்றிப் பேசுகிறேன். குழந்தை பிறந்த செய்தி கேட்டு ஓடிவருகிறீர்கள். பேருந்துக் கம்பியைப் பிடித்திருக்கிறீர்கள், பணத்தை எண்ணிக் கொடுத்திருக்கிறீர்கள், வழி கேட்கக் கைப்பேசியை எடுத்திருக்கிறீர்கள், கதவைத் தள்ளியிருக்கிறீர்கள். உள்ளே வந்ததும் நேராகக் குழந்தையிடம் போய், மடங்கிக் கிடக்கும் அதன் விரல்களுக்குள் உங்கள் விரலைக் கொடுக்கிறீர்கள். அது இறுகப் பற்றிக்கொள்கிறது; உங்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. நீங்கள் விரலை எடுத்த மறுநிமிடம் அந்தக் கை எங்கே போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? வாய்க்குத்தான் போகிறது. பிறந்த குழந்தை தன் கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சப்பும். பசி எடுப்பதன் அடையாளங்களில் அதுவும் ஒன்று. நீங்கள் வழியெல்லாம் தொட்டு வந்தவை அனைத்தும் அந்தக் கை வழியாக உள்ளே போகின்றன.

கை கழுவுங்கள் என்று சொன்னால் நம்மில் பலருக்கு மனம் சுணங்குகிறது. நாங்கள் என்ன அழுக்காகவா வந்திருக்கிறோம் என்று கேட்டுத் திரும்பிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தச் சுணக்கம் இன்று நேற்று வந்ததல்ல. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

1840களில் வியன்னா நகரத்துப் பெரிய மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். முதல் பிரிவில் பிள்ளை பெற்ற பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேர் பிரசவக் காய்ச்சலில் இறந்தார்கள். இரண்டாம் பிரிவில் இறந்தவர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு. எந்த நாளில் வருகிறவர் எந்தப் பிரிவில் சேர்க்கப்படுவார் என்பதற்கு முறை இருந்தது. அது ஊருக்கே தெரிந்திருந்ததால், முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று கர்ப்பிணிகள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். எண்ணிப் பாருங்கள்: பிரசவ வலியோடு வந்த ஒரு பெண், படித்த மருத்துவரின் கையில் என்னை ஒப்படைக்காதீர்கள் என்று அழுகிறாள்.

அந்த முதல் பிரிவில் பணிபுரிந்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற ஹங்கேரிய மருத்துவர். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. காற்றோட்டம், கூட்டம், பெண்களைப் படுக்க வைக்கும் முறை என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்; சாவு குறையவில்லை. 1847இல் அவருடைய நண்பரும் பேராசிரியருமான கொலெட்ச்கா, பிணப் பரிசோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி விரலில் பட்டுக் காயமாகி, சில நாள்களில் இறந்துபோனார். அவருடைய உடலில் காணப்பட்ட மாற்றங்களும் பிரசவக் காய்ச்சலில் இறந்த பெண்களின் உடலில் இருந்த மாற்றங்களும் ஒன்றாக இருந்தன. செம்மல்வைஸுக்கு அங்கேதான் விளங்கியது. மருத்துவர்களும் மாணவர்களும் காலையில் பிணங்களைத் தொட்ட அதே கைகளோடு வந்து பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணப் பரிசோதனை வேலை இல்லை.

அந்த ஆண்டு மே மாதத்தில், சலவைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் கை கழுவிய பிறகே பெண்களைத் தொட வேண்டும் என்று அவர் விதி செய்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த சாவு, ஜூன் மாதத்தில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. மருத்துவ உலகம் அவரைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும். பெரும்பாலோர் அவர் சொன்னதை ஏற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பற்றிய விளக்கம் அப்போது இல்லை என்பது ஒரு காரணம். நம் கையா ஒரு தாயைக் கொன்றது என்ற கேள்வியைத் தாங்க முடியாதது இன்னொரு காரணம். 1865இல், 47 வயதில், மனநலக் காப்பகம் ஒன்றில் புண் புரையோடி அவர் இறந்தார். கிருமிகளே நோய்க்குக் காரணம் என்று பிரெஞ்சு அறிவியலர் லூயி பாஸ்டர் முதலியோர் நிறுவிய பிறகுதான் அவர் சொன்னதன் உண்மை உலகத்துக்கு விளங்கியது.

ஆகவே, கை கழுவிவிட்டு வாருங்கள் என்று ஒரு தாய் சொன்னால் அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. எப்படிக் கழுவுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேயர்கள் எழுந்து போய்ச் செய்துபார்த்தாலும் நல்லதுதான். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். அதன் அடியில் நீர் நுழையாது, அழுக்கு மட்டும் நுழையும். சோப்பைக் குழைத்து உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரலைச் சுற்றி, நகக்கண் என்று தேயுங்கள். பெரும்பாலோர் கட்டைவிரலை மறந்துவிடுவார்கள். 20 நொடியாவது தேய்த்துவிட்டு, ஓடும் நீரில் அலசி, சுத்தமான துணியில் துடையுங்கள். சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள், தொலைபேசியில் வாழ்த்துங்கள். குழந்தையை முகத்தில் முத்தமிட வேண்டாம். உதட்டில் சிறு கொப்புளமாக நமக்கு வந்து ஆறிப்போகும் அக்கி, பிறந்த குழந்தைக்குப் பரவினால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

கை கழுவிவிட்டீர்கள். அடுத்து என்ன செய்வது? குழந்தையைத் தூக்குவதற்கு முன் தாயைப் பாருங்கள். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம்கூட ஆகலாம். துணி மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் அதற்கு மேல். அதில் பாதி இரவில். இரண்டாம் வாரத்திலிருந்து அழுகை கூடிக்கொண்டே போய், ஆறாம் வார வாக்கில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு மெல்லக் குறைகிறது. இப்படிப்பட்ட நாளில் ஒரு தாய், வந்தவர்களுக்கு முகம் கழுவித் தலைவாரி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு பெரிய சுமை! வருமுன் கேட்டுக்கொண்டு வாருங்கள். சமைத்து எடுத்து வாருங்கள். அந்தப் பாத்திரம் உடனே திரும்ப வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வந்த இடத்தில் துணியை மடித்து வையுங்கள், பாத்திரத்தைத் துலக்குங்கள், அவள் ஒருமணி நேரம் தூங்கும்வரை குழந்தைக்குக் காவல் இருங்கள். ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "சிஸ்டர், எல்லாரும் குழந்தைக்கு ஏதாவது கொண்டுவந்தாங்க. எங்க அத்தை மட்டும் வந்ததும் நீ சாப்பிட்டியான்னு கேட்டாங்க." அந்த அத்தையைப் போல ஒருவர் ஒவ்வொரு வீட்டுக்கும் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

குழந்தையின் தகப்பனாருக்கும் இதையே சொல்வேன். இரவில் பால் கொடுத்து முடிந்ததும் குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடச்செய்து, துணி மாற்றிப் படுக்க வைப்பதை அவர் ஏற்றுக்கொள்ளலாம். இது மனைவிக்குச் செய்யும் உதவி என்று நினைக்க வேண்டாம்; தம் பிள்ளைக்குச் செய்யும் தம்முடைய வேலை.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். வீட்டிலுள்ள மூத்த குழந்தையைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். பார்க்க வருகிறவர்கள் முதலில் அந்த மூத்த பிள்ளையிடம் பேசிவிட்டு, "உன் தம்பியை எனக்குக் காட்டுவாயா?" என்று அதனிடமே கேளுங்கள். இன்னும் ஒரு முக்கியமான செய்தி. பிரசவமான முதல் சில நாள்களில் தாய்க்குக் காரணமில்லாமல் அழுகை வருவது இயல்பு; இரண்டு வாரத்துக்குள் அது தணிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை நீடித்தால், குழந்தையிடம் ஒட்டுதலே வரவில்லை என்று அவள் சொன்னால், தூங்க வாய்ப்பிருந்தும் தூங்காமல் கிடந்தால், அதைப் பிடிவாதம் என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சிகிச்சையில் குணமாகக் கூடியது. தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்பதுபோல் பேசினால், அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.