கூட்ட அறையில் ஒரு நடிகன்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் அமெரிக்காவில் மேலாண்மை படிக்கும் மாணவர்கள். ஆளுக்கு ஒரு துறைத் தலைவர் வேடம். தன் துறை ஊழியருக்காக வாதாடி முடிந்த அளவு போனஸ் வாங்கித் தர வேண்டும். நிறுவனத்துக்கு எது நல்லது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பங்கிட இருப்பதோ அளவான தொகை. சண்டை வர இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டுமா?

அந்த மேசையில் ஒருவன் மட்டும் ஆய்வாளர் அனுப்பிய ஆள். நடிப்பில் பயிற்சி பெற்றவன். எல்லாக் குழுவிலும் அவன்தான் முதலில் பேசுவான். ஆனால் ஒரு குழுவில் கலகலப்பாக, இன்னொன்றில் அமைதியும் கனிவுமாக, வேறொன்றில் சிடுமூஞ்சியாக, மற்றொன்றில் உம்மணாமூஞ்சியாகச் சோர்ந்து. 29 குழுக்கள், 94 மாணவர்கள். நடந்ததையெல்லாம் வீடியோவில் பதிவு செய்து, பிறகு தனி ஆட்களை வைத்து முகக்குறிகளை அளந்தார்கள்.

இதைச் செய்தவர் சிகால் பார்சேட். பிற்பாடு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் மேலாண்மைப் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர். இந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. நடிகனின் மனநிலை மற்றவர்களுக்குத் தொற்றியது. இதமான மனநிலை தொற்றிய குழுக்களில் ஒத்துழைப்பு கூடியது, பூசல் குறைந்தது, வேலையை நன்றாகச் செய்தோம் என்ற எண்ணமும் கூடியது. தங்களுக்கு ஏதோ தொற்றியிருக்கிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும் என்று நாம் சொல்வோம் அல்லவா? பார்சேட்டும் அப்படித்தான் எதிர்பார்த்தார். கெட்ட மனநிலை நல்லதைவிட வேகமாகப் பரவும், ஆரவாரமானது அமைதியானதைவிட அதிகம் பரவும் என்று கருதுகோள் வைத்தார். இரண்டும் பொய்த்தன. கனிவாகப் பேசியவனுடைய கனிவும் சிடுசிடுத்தவனுடைய சிடுசிடுப்புக்குக் குறையாமல் ஒட்டிக்கொண்டது. தான் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதையும் அச்சில் ஏற்றும் ஆய்வாளர் மீது எனக்கு மரியாதை உண்டு.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு பியூன் இருந்தார். மேலாளர் வந்து இறங்கியதும் எங்களிடம் வந்து, "இன்றைக்கு ஃபைல் எதையும் உள்ளே அனுப்பாதீர்கள்" என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால், "கார்க் கதவு சாத்துகிற சத்தம் சார்" என்பார். ஒருநாளும் தவறியதில்லை. ஊழியர்கள் காலங்காலமாக அறிந்திருந்ததை மேலாண்மைத் துறை கண்டுகொள்ளத்தான் தாமதமானது. நெடுங்காலம் வேலையில் திருப்தி உண்டா, இல்லையா என்ற கேள்வித்தாளோடு அவர்கள் நின்றுவிட்டார்கள். கோபம், அச்சம், பொறாமை, பரிவு எல்லாம் செருப்பைப் போல வாசலில் கழற்றி வைக்க வேண்டியவை என்று நினைப்பு.

அடுத்து, 2014இல் மாண்டி ஓநீலுடன் சேர்ந்து பார்சேட் வெளியிட்ட ஆய்வு. இடம் ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லம். 185 ஊழியர்கள், 108 நோயாளிகள், அவர்களுடைய குடும்பத்தினர் 42 பேர், 16 மாத இடைவெளி. கேள்வி எளியது: இங்கே வேலை செய்பவர்கள் ஒருவர்மீது ஒருவர் அன்பாக இருக்கிறார்களா? ஆங்கிலத்தில் காதலுக்கும் அன்புக்கும் ஒரே சொல் என்பதால் அவர்கள் முன்னால் ஓர் அடைமொழி ஒட்ட வேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. தனக்குக் காபி எடுக்கப் போகும்போது அடுத்தவருக்கும் ஒரு கோப்பை எடுத்துவருவது, சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது: அவர்கள் சொல்லும் அன்பு இந்த அளவுதான். அது அதிகமாக இருந்த பிரிவுகளில் ஊழியர்கள் விடுப்பு எடுப்பது குறைவு, மனம் சலித்துப்போவதும் குறைவு. நோயாளிகளுடைய மனநிலை மேலாக இருந்தது, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடும் தேவையும் குறைந்தது. கவனியுங்கள், அளந்தது நோயாளியிடம் காட்டிய அன்பை அல்ல. ஊழியர்கள் தங்களுக்குள் காட்டிக்கொண்டதை. அது வழிந்து கட்டில்வரை போயிருக்கிறது.

இதைக் கேட்டதும் சில நிர்வாகிகளுக்கு நாவில் நீர் ஊறும் என்பது எனக்குத் தெரியும். "நாளை முதல் எல்லோரும் சிரித்த முகமாக இருக்க வேண்டும்" என்று சுற்றறிக்கை விடலாமே! அவர்கள் முதலில் ஆர்லி ஹோக்‌ஷீல்டைப் படிக்க வேண்டும். இந்தச் சமூகவியலாளர் 1983இலேயே டெல்டா என்ற அமெரிக்க விமான நிறுவனத்துப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்து, வேலைக்காகச் சிரிப்பதும் உழைப்புதான் என்று காட்டினார். மூட்டை தூக்குபவரின் தோள் வலிப்பது போல நாள்முழுதும் புன்னகைப்பவருக்கும் உள்ளே ஏதோ தேய்கிறது. கடன் வசூலிப்பவர்களையும் அவர் ஆராய்ந்தார். அவர்களுக்கு நேர்மாறான பயிற்சி: இரக்கம் காட்டாதே. ஆக, முகத்தை வாடகைக்கு எடுக்கலாம். அதற்கான செலவு ஊழியர் கணக்கில் ஏறும். பார்சேட்டின் நடிகன் மேசையிலிருந்து எழுந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டுப் போகலாம். ரிசப்ஷனில் எட்டு மணி நேரம் உட்காரும் பெண்ணால் முடியுமா?

தொற்று என்றால் எல்லோரும் கூட்டமாக இருக்கும்போது நடப்பது. தனித்துப்போனவர்? ஹக்கன் ஓஸ்செலிக்குடன் 2018இல் பார்சேட் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் எடுத்துக்கொண்டது. 672 ஊழியர்கள், 114 மேலாளர்கள். தனிமையில் வாடுபவரின் வேலைத்திறன் குறைகிறது. காரணம் சோம்பல் அல்ல. நிறுவனத்தோடு அவருக்குள்ள பிடிப்பு தளர்கிறது. கூட இருப்பவர்களுக்கு அவர் நெருங்க முடியாதவராகத் தோன்றத் தொடங்குகிறார். அதனால் அவர்களும் ஒதுங்குகிறார்கள், அவர் இன்னும் சுருங்குகிறார். முதலில் விலகியது யார் என்று பிறகு விசாரித்துப் பயனில்லை.

நான்கு ஆண்டுகளில், 2022 பிப்ரவரியில், மூளைப் புற்றுநோயால் பார்சேட் காலமானார். அப்போது வயது 56.

பின்வரிசையில் தேநீர்க் கோப்பைகளின் ஓசை கேட்கிறது. கேள்விகளை அதோடு வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இருப்பவருக்கும் ஒன்று எடுத்து வாருங்கள்.