வாயில் வருவது ரேயாதான்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த மழைக்காலத்தில் மூன்று நாவல்கள் படித்தேன். ஒன்று மந்திரவாதிக் கதை, மற்ற இரண்டும் அறிவியல் புனைகதைகள். மூன்றையும் ஆங்கிலத்தில்தான் படித்தேன். திட்டம் போட்டு எடுக்கவில்லை, கைக்கு அகப்பட்ட வரிசைதான். ஆனாலும் மூன்றும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் கொண்டுபோய் விட்டன. பெயர் என்ற சங்கதியில்.

முதலாவது, உர்சுலா லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'. 1968-இல் வந்தது. தீவுகளாலான ஓர் உலகம். அங்கே மனிதருக்கும் மரத்துக்கும் கல்லுக்கும் உண்மைப் பெயர் என்று ஒன்று உண்டு. அது தெரிந்தவனுக்கு அந்தப் பொருள் கட்டுப்படும். அதனால் ஊர் கூப்பிட ஒரு பெயர், யாருக்கும் சொல்லாமல் பொத்திவைக்க ஒரு பெயர். கோண்ட் என்ற மலைத்தீவில் ஆடு மேய்த்த பையன் ஒருவனுக்குப் பதின்மூன்று வயதில் உண்மைப் பெயர் கிடைக்கிறது: கெட். தமிழில் எழுதிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. 'கெட்டான்' என்பதற்குப் பாதி தூரம் வந்து நின்றுவிட்ட மாதிரி. பையனும் கொஞ்சம் அப்படித்தான். வித்தைச் செருக்கில் ஏவக்கூடாததை ஏவிவிட்டு, அது ஒரு நிழலாகத் துரத்த, கடல் கடலாக ஓடுகிறான்.

எனக்கு மிகவும் பிடித்தது அவன் படித்த பள்ளி. அங்கே ஒரு கோபுரத்தில் ஓர் ஆசிரியர் பெயர்ப் பட்டியல்களை மட்டுமே சொல்லித் தருகிறார். எழுதிக் கொடுத்ததை நள்ளிரவுக்குள் மனப்பாடம் செய்தாக வேண்டும். அதற்குப் பிறகு மை மறைந்து, எழுதியிருந்த தோல்தாள் வெறுமையாகிவிடும். நம் திண்ணைப் பள்ளிகளில் தேவப்பெயர்த் தொகுதி, மக்கட்பெயர்த் தொகுதி என்று நிகண்டு உருப்போட்ட பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கு ஏடாவது மிஞ்சியது.

அப்புறம் ஒரு காட்சி. நிழலிடம் அடிபட்டு, பேச்சே குறைந்துபோய்க் கிடந்து எழுந்திருக்கிறான் கெட். பள்ளியை விட்டுப் புறப்படும் நண்பன் அவனிடம் வந்து, கேட்காமலே தன் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான். இனி என்னை நீ என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று தன்னையே கையில் கொடுப்பது போல. அந்தப் பெயரை வானொலியில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சீன எழுத்தாளர் லியூ சிசினின் 'தி த்ரீ-பாடி ப்ராப்ளம்'. அறிவியல் புனைகதைக்கும் மாயக்கதைக்கும் தரப்படும் ஹ்யூகோ விருதை 2015-இல் பெற்றது. வேற்றுலகத்தார் வரும் பகுதிகள் சில இடங்களில் இயற்பியல் வகுப்பு மாதிரி போகின்றன, என்னைக் கேட்டால். ஆனால் ஆங்கிலப் பதிப்பின் தொடக்கம் இருக்கிறதே! 1967, மாவோ காலத்துச் சீனாவின் கலாச்சாரப் புரட்சி. ஒரு பேராசிரியரை மேடையில் நிறுத்தி அடித்தே கொல்கிறார்கள், மகள் கூட்டத்தில் நின்று பார்க்கிறாள். இந்த அத்தியாயங்கள் 2006-இல் பத்திரிகையில் தொடராக வந்தபோது முன்னால்தான் இருந்தன. சீனாவில் 2008-இல் புத்தகமானபோது, அரசியல் கண்ணில் படாமலிருக்க நடுவே ஒளித்துவைத்தார்கள். மொழிபெயர்த்த கென் லியூ, ஆசிரியர் சம்மதத்தோடு மறுபடி முன்னால் கொண்டுவந்தார். தமிழில் பெயர் என்றால் நாமம், பெயர்த்தல் என்றால் இடம் மாற்றுதல். மொழிபெயர்ப்பில் இந்த நாவலைத் தன் பழைய இடத்துக்கே பெயர்த்து வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவதில்தான் நான் ஏமாந்தேன். போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்லாவ் லெம் 1961-இல் எழுதிய 'சோலாரிஸ்'. பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. ஒரு கோள் முழுக்கக் கடல். அந்தக் கடல் ஒரே உயிர். தலைமுறை தலைமுறையாக விஞ்ஞானிகள் அதன் மேல் எழும்பும் உருவங்களுக்கெல்லாம் மிமாய்டு, சிமெட்ரியாடு என்று பெயர் சூட்டி நூலகத்தை நிரப்பிவிட்டார்கள். ஒன்றும் புரிந்தபாடில்லை. எர்த்ஸீயில் பெயர் தெரிந்தால் கடலலை அடங்கும். இங்கே அடுக்கடுக்காகப் பெயர் இருந்தும் கடல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கடலை ஆராய அங்கே போன விஞ்ஞானி கெல்வினிடம், இறந்துபோன அவன் மனைவி வந்து நிற்கிறாள். அவன் நினைவிலிருந்து கடல் செய்து அனுப்பிய பிரதி அவள். தான் அந்தப் பழைய மனைவி அல்ல என்பது அவளுக்கே மெல்ல மெல்லத் தெரியவருகிற இடம் இருக்கிறதே, அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. அவள் பெயர் ரேயா.

படித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, ரேயாவே இல்லை! லெம் வைத்த பெயர் ஹாரெய். 1970-இல் வந்த அந்த ஆங்கிலப் புத்தகம் போலிஷ் மொழியிலிருந்து வரவில்லை. பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. வரும் வழியில் ஹாரெயின் ஐந்து ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப்போட்டு ரேயா ஆக்கியிருக்கிறார்கள். அங்கே இருந்த இன்னொரு விஞ்ஞானி ஸ்னாவுட், ஸ்னோ ஆகிவிட்டார். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த லெமுக்கு அந்த மொழிபெயர்ப்பு பிடிக்கவே இல்லை. போலிஷிலிருந்து நேரடி ஆங்கிலம் வர 2011 வரை ஆயிற்று. பில் ஜான்ஸ்டன் செய்தது.

யோசித்துப் பாருங்கள். பிரதியாக வந்த ஒரு பெண், அவளைப் பற்றிய புத்தகமே பிரதியின் பிரதி, அதில் அவளுக்குப் பெயரும் வேறு. தெரிந்தே செய்திருந்தால் இவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது.

சரி, இப்போது ஜான்ஸ்டனின் மொழிபெயர்ப்பில் மறுபடி படிக்கிறேன். பாதியைத் தாண்டிவிட்டேன். புத்தகத்தில் ஹாரெய் என்றுதான் இருக்கிறது. எனக்கு வாயில் இன்னும் ரேயா என்றுதான் வருகிறது.

நன்றி, வணக்கம்.