ஒரே தாளில் சட்ட உதவி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சட்ட உதவியைச் சாதாரண மக்களிடம் கொண்டு சேர்க்கும் துண்டறிக்கையை எப்படி வடிவமைப்பது என்று இன்று பேசுவோம்.

ஏழை எளியவர்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. 1987-ல் நிறைவேறிய சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. யார் யாருக்கு உதவி உண்டு என்பதை அதன் 12-வது பிரிவு சொல்கிறது. பெண் என்றால் போதும், வருமானத்தைக் கேட்க மாட்டார்கள். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். 2004-ல் சுனாமி, 2011-ல் தானே புயல், 2015-ல் வெள்ளம் என்று அடிமேல் அடி வாங்கிய கடலூர் மாவட்டத்துக்கு இந்த வரி எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது. சிதம்பரம், விருத்தாசலம், பண்ருட்டி போன்ற ஊர்களில் வட்டக் குழுக்கள் இருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் சொன்னாலே மனுவை எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கிக்கொள்வார்கள். 15100 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். இவ்வளவும் இருந்தும் ஆட்கள் போய்ச் சேருவதில்லை என்றால், வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. பெரும்பாலும் அந்த அடைப்பு, நாம் அவர்கள் கையில் கொடுக்கும் தாளில்தான் இருக்கிறது.

சட்ட விழிப்புணர்வுத் துண்டறிக்கை ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே தராசு படம், கீழே பிரிவு எண்கள், பொடி எழுத்தில் இரண்டு பக்கம். ஒருவருடைய உரிமைகள் எல்லாம் அதில் இருக்கும். நாளைக் காலை அவர் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது மட்டும் இருக்காது. தாளை வடிவமைக்க உட்காரும்போது முதல் வேலையாக ஒரு முடிவு எடுக்க வேண்டும்: ஒரு தாளுக்கு ஒரே ஒரு பிரச்சினை, அதுவும் ஒரே ஒரு ஆளுடைய பிரச்சினை.

திருப்பாப்புலியூர் கடைத்தெரு ஓரம் மீன் விற்கும் ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். கூடையையும் தராசையும் மாநகராட்சி ஆட்கள் எடுத்துப் போய்விடுகிறார்கள். 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் அவருக்குப் பல பாதுகாப்புகள் தருகிறது. காலி செய்யச் சொல்வதற்கு முன் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் என்னென்ன எடுத்தோம் என்று பட்டியல் எழுதி, கையெழுத்துப் போட்டு ஒரு நகல் கொடுக்க வேண்டும். அதற்குரிய கட்டணத்தைக் கட்டித் திருப்பிக் கேட்டால், கெட்டுப்போகும் சரக்கை அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். கெடாத பொருளை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

இதை அப்படியே பத்தியாக அச்சடித்தால் பயனில்லை. அந்த அம்மாவுக்கு மத்தியானத்துக்குள் மீன் கெட்டுவிடும். அதனால் தாளை நடுவே ஒரு கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். இடப்பக்கம் மீன், பூ, பழம் படம் வரைந்து, கீழே பெரிய எழுத்தில் ‘இன்றே கேளுங்கள்’ என்று போடலாம். வலப்பக்கம் வண்டி, குடை, தராசு வரைந்து ‘2 வேலை நாள்’ என்று போடலாம். இரண்டுக்கும் மேலே, முதல் கட்டத்தில், வாயால் கேட்க வேண்டிய வாக்கியம் ஒன்று: ‘எடுத்த சாமானுக்கு லிஸ்ட் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்.’ அதிகாரி முன்னால் பதற்றத்தில் நிற்கும்போது சட்டப் பிரிவு நினைவுக்கு வராது, இப்படி ஒரு வாக்கியம் வரும். பட்டியல் தர மறுத்தால் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லும் கட்டம் அடுத்தது. கடைசிக் கட்டத்தில் 15100.

நியூயார்க்கில் 2009-ல் கேண்டி சாங் என்ற கலைஞர், தெரு வியாபாரிகள் அமைப்போடு சேர்ந்து இதே போன்ற ஒரு மடிப்புத் தாளைச் செய்தார். அந்த ஊரில் வண்டி போடுகிறவர்களில் பலர் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். அதனால் விதிகளைப் படமாக வரைந்து, கூடவே வங்காளம், அரபு உட்பட ஐந்து மொழிகளில் எழுதினார்கள். சாலை ஓரத்திலிருந்து எத்தனை அடி தள்ளி வண்டி நிற்கலாம் என்பதெல்லாம் அளவோடு படத்தில் இருந்தது. சட்டத்தை அறிந்தவரும் படம் வரையத் தெரிந்தவரும் அந்தத் தெருவில் விற்பவரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் அப்படி ஒரு தாள் வரும். மூவரில் ஒருவர் குறைந்தாலும் தாள் நொண்டும்.

படம் வரைவதிலும் சிக்கல்கள் உண்டு. நீதியைக் குறிக்கத் தராசு வரைந்தால், மீன் விற்பவருக்கு அது அவர் கையில் இருக்கும் தராசுதான். ‘எடை சரியாகப் போடு என்கிறார்களோ’ என்று நினைப்பார். தராசுக்குப் பதிலாக, போக வேண்டிய கட்டடத்தின் வாசலையும் அந்த அறையின் பெயர்ப் பலகையையும் பார்த்தபடியே வரைய வேண்டும். நாட்கணக்கைக் காட்டக் கடிகாரம் வேண்டாம், தினசரி காலண்டர் தாளை வரையலாம். தொடக்கத்திலேயே போலீஸ் தொப்பியைப் போட்டால் பயந்து மடித்து வைத்துவிடுவார்கள்.

இன்னொரு தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது சிறு வியாபாரிகளுக்கும் கைமாற்றுக் கொடுத்தவர்களுக்கும். கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பிவிட்டால், திரும்பிய தகவல் (வங்கி மெமோ) வங்கியிலிருந்து கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலமாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் அவர் கைக்குப் போனதிலிருந்து 15 நாள் அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். தவறு எங்கே நடக்கிறது என்றால், பலரும் செக்கில் எழுதியிருக்கும் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். அல்லது ‘அடுத்த வாரம் தந்துடறேன் அண்ணே’ என்ற பேச்சை நம்பி 30 நாளையும் கோட்டை விடுகிறார்கள். போனில் கேட்டது நோட்டீஸ் ஆகாது.

இந்தத் தாளில் எழுத்து குறைவாகவும் வெற்றுக் கட்டம் அதிகமாகவும் இருக்க வேண்டும். ‘வங்கி மெமோ கைக்கு வந்த தேதி’, எதிரே ஒரு காலிக் கட்டம். ‘அதிலிருந்து 30-வது நாள்’, காலிக் கட்டம். ‘நோட்டீஸ் அவருக்குக் கிடைத்த தேதி’, ‘15-வது நாள்’, ‘புகார் போடக் கடைசி நாள்’ என்று வரிசையாக. பேனாவால் அவரே தேதியை எழுதிவிட்டால், அந்தத் தாள் அவருடைய வழக்குக்கே உரிய தாளாகிவிடும். ஓரத்தில் ஒரு குறிப்பும் தேவை: செக் தேதியிலிருந்து மூன்று மாதம் ஆகாவிட்டால் மறுபடி வங்கியில் போடலாம், மறுபடியும் திரும்பினால் நாட்கணக்கு புதிதாகத் தொடங்கும். 30 நாளைத் தவறவிட்டு மனம் உடைந்தவருக்கு இந்த ஒரு வரி பெரிய உதவி.

காவல் நிலையத் தாளுக்கு அதிக இடம் வேண்டாம். புகார் கொடுத்தால் பல சமயம் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு. எஃப்.ஐ.ஆர். என்பது வேறு, அதில் குற்ற எண்ணும் சட்டப் பிரிவுகளும் இருக்கும், புகார் கொடுத்தவருக்கு நகல் இலவசம். இரண்டின் மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் சிறியதாக அச்சடித்து, குற்ற எண் இருக்கும் இடத்தை வட்டமிட்டுக் காட்டினால் போதும். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம் என்பது கீழே ஒரு வரி.

இனி அச்சு. ஏ4 தாளை இரண்டு முறை மடித்தால் சட்டைப் பையிலும் சுருக்குப் பையிலும் அடங்கும். மடிப்பு பிரியும் வரிசையில் கட்டங்களுக்குப் பெரிய எண் போடாவிட்டால், மூன்றாவதை முதலில் படிப்பார்கள். எழுத்தின் அளவு 14 பாயிண்டுக்குக் குறையக் கூடாது. இந்தத் தாள் ஜெராக்ஸ் கடையில் நகலுக்கு மேல் நகலாகப் போகும் என்பதை முதலிலேயே கணக்கில் கொள்ளுங்கள். மெல்லிய எழுத்தாக இருந்தால் நகலில் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும், மிகத் தடித்த எழுத்தாக இருந்தால் ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். நடுத்தரத் தடிமன்தான் சரி. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தும், மஞ்சள் எழுத்தும் நகலில் நிற்காது. 100 ஜி.எஸ்.எம். கனமுள்ள தாள் மடிக்க ஏற்றது. கெட்டி அட்டை மடிப்பில் வெடிக்கும். தேதி எழுத வேண்டிய தாளை லேமினேட் செய்யக் கூடாது, பேனா ஓடாது.

அச்சுக்குப் போகும் முன் ஐந்து பேரிடம் காட்டுங்கள். ஒவ்வொருவராக, தனித்தனியாக. கும்பலாக உட்கார்த்தினால் படிக்கத் தெரிந்த ஒருவர் எல்லோருக்கும் பதில் சொல்லிவிடுவார். ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகப் ‘புரிந்தது’ என்பார்கள். ‘நாளைக்குக் காலையில முதல்ல எங்க போவீங்க, கையில என்ன எடுத்துட்டுப் போவீங்க?’ என்று கேளுங்கள். வாய் திறந்து உதவாமல், அவர் விரல் தாளில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் நின்றால் அந்த இடத்தைத் திருத்தியே ஆக வேண்டும். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டிச் சரிபார்ப்பது சோதனை ஆகாது.

எங்கே வைப்பது என்பதும் வடிவமைப்பின் பகுதிதான். நீதிமன்ற வராந்தாவில் வைத்தால், ஏற்கெனவே வந்துவிட்டவர்தான் எடுப்பார். மீன் ஏலம் நடக்கும் இடம், முந்திரிக் கொட்டை உடைக்கும் கொட்டகை, ரேஷன் கடை, மகளிர் குழுக் கூட்டம் போன்ற இடங்கள் நல்லவை. நம் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடலூரில் எடுத்த தாள் சாயங்காலம் பாகூருக்குப் போய்விடும். அது புதுச்சேரி, ஆணைக்குழு வேறு, அலுவலகம் வேறு. அதனால் நாடு முழுவதும் பொதுவான 15100-ஐ மட்டும் அச்சில் போட்டு, உள்ளூர் அலுவலக முகவரிக்கு ஒரு காலிக் கட்டம் விடுங்கள். வைக்கும் இடத்தில் ரப்பர் ஸ்டாம்ப் குத்திக்கொள்ளலாம்.

தாள் வக்கீலுக்கு மாற்று ஆகாது. சம்மன் வந்துவிட்டது, கைது ஆகிவிட்டது, சொத்துப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றால் தாளைப் படித்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஒவ்வொரு தாளிலும் இதற்கென்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும்: ‘இது நடந்தால் நிறுத்துங்கள், உடனே சட்டப் பணிகள் அலுவலகத்துக்குப் போங்கள்.’

இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. பழைய எண்களோடு சுவரில் தொங்கும் தாள் ஆளை அலைக்கழிக்கும். அச்சடித்த மாதமும் வருடமும் தாளின் கீழ் மூலையில் தெளிவாகத் தெரிய வேண்டும். சட்டத் தன்னார்வலர்கள் புதுத் தாளை வைக்கப் போகும்போது, பழையதை எண்ணி எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும்.

வணக்கம்.